காற்றுக்கும் கூலி

கூரியர்காரர் எடைக்குத்தான் காசு வாங்குகிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மதுரையில் வீட்டிலிருந்தபடி கொலு பொம்மை விற்று, என் கையாலேயே கட்டி அனுப்புகிறவள் நான். எனக்குத் தெரியும், கூரியர்காரர் வாங்குவது இடத்துக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணையும் தராசு காட்டுகிற எடையையும் பக்கத்தில் வைத்து, எது கூடுதலோ அதற்குப் பில்.

காகிதக் கூழில் செய்த கல்யாண செட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது அடங்குகிற பெட்டி 35க்கு 25க்கு 30. கணக்குப்படி 5.25 கிலோ. ஆனால் ஒற்றைப் பெட்டியில் போனால் பொம்மை முழுசாகப் போய்ச் சேராது. அதை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு நிரப்ப வேண்டும். வெளிப்பெட்டி 45க்கு 35க்கு 40 ஆகிவிடும். இப்போது கணக்கு 12.6 கிலோ, பில்லில் 13. தராசில் ஏற்றினால் நாலு கிலோகூட வராது.

மாம்பலத்திலிருந்து ஒரு அம்மா போனில் பிடிபிடியென்று பிடித்தார். "ஏம்மா, பொம்மை ஆயிரத்து எண்ணூறு, அனுப்புற கூலி எண்ணூறா? மதுரை என்ன டெல்லிக்கு அந்தப் பக்கமா இருக்கு?"

"பொம்மைக்கு அவ்வளவு ஆகாதும்மா. அது உடையாம இருக்க உள்ள விடுற காத்துக்குத்தான் மிச்சக் காசு."

"காத்துக்குமா கூலி!" என்றார். சிரித்துக்கொண்டே ஜிபே பண்ணிவிட்டார். எல்லாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

நான் பொம்மை எடுப்பது பெரும்பாலும் விளாச்சேரியில். மதுரையை ஒட்டிய ஊர். தலைமுறை தலைமுறையாக வேளார் குடும்பங்கள் அங்கே கொலு பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் பொம்மை எல்லாம் செய்கிறார்கள். அச்சில் எடுத்து, காயவைத்து, சுட்டு, வண்ணம் தீட்டி, கண் திறக்கிறவரை அவர்கள் வேலை. அதற்கு அப்புறம்தான் என் வேலை. போட்டோ எடுப்பது, வாட்ஸ்ஆப்பில் போடுவது, விலை சொல்வது எல்லாம் யாரும் இரண்டு நாளில் பழகிவிடலாம். கட்டுகிற வேலை அப்படி வராது.

எந்தப் பொம்மை வந்தாலும் முதலில் அது எங்கே உடையும் என்றுதான் பார்க்கிறேன். மூக்கு, விரல் நுனி, கிருஷ்ணன் கைப் புல்லாங்குழல், அம்மன் பின்னால் நிற்கும் திருவாசி. குழல் கழற்ற வருமென்றால் கழற்றித் தனியாகச் சுற்றி, பொம்மையின் முதுகோடு சேர்த்து ஒட்டிவிடுவேன். கைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் சந்தில் காகிதத்தைச் சுருட்டி நுழைக்க வேண்டும். இறுக்கிவிடக் கூடாது, ஆடவும் கூடாது. அந்தப் பதம் விரலுக்குத்தான் தெரியும்.

அடுத்தது முதல் சுற்று. நேரே பபிள் ரேப்பைச் சுற்றுகிறவர்கள் உண்டு. ஆவணி வெயிலில் லாரிக்குள் நாள் கணக்கில் கிடந்தால், வார்னிஷ் இளகி, பபிள் ஒவ்வொன்றும் லட்சுமி முகத்தில் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும். செய்தித்தாளும் ஆகாது, மை ஒட்டும். மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாள் இரண்டு சுற்று, அதற்கு மேல்தான் பபிள் ரேப். அந்தக் காலத்தில் கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கி அனுப்பினார்கள். வைக்கோலுக்கு இணையான ஸ்பிரிங் இன்றுவரை எதிலும் இல்லை என்பது என் கட்சி. ஆனால் ஈரம் வாங்கும், தூசு கொட்டும். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்ப முடியாது.

பெட்டி புதிதாக இருக்க வேண்டும், வெளிப்பெட்டி ஐந்து அடுக்கு அட்டையாக இருக்க வேண்டும். மளிகைக் கடையில் சும்மா கிடைக்கும் பழைய பெட்டி ஒருமுறை நசுங்கி நிமிர்ந்தது. அதன் அட்டைக்குள் இருக்கும் நெளிவு செத்துப்போயிருக்கும். உள்ளே அளவுக்கு மேல் திணித்தாலும் வம்பு. பெட்டி வயிறு புடைத்தால், கூரியர் ஹப்பில் புடைப்பையும் சேர்த்து அளப்பார்கள். 40 இருந்த உயரம் 44 ஆனால் 13 கிலோ பில் 14 ஆகிவிடும். வித்தியாசத்தை, கூரியருக்கென்று நாம் பணம் போட்டு வைத்திருக்கும் வாலட்டில் பிடித்துக்கொண்ட பிறகுதான் மெசேஜே வரும்.

கண்ணாடிக் கோப்பை போட்ட 'உடையும் பொருள்' ஸ்டிக்கரை நானும் ஒட்டுகிறேன், வாடிக்கையாளர் மனத் திருப்திக்காக. நள்ளிரவில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர் ஸ்டிக்கர் படித்துக்கொண்டு நிற்க மாட்டார். நிற்கச் சொல்வதும் நியாயமில்லை, அவருக்கு ஆயிரம் பெட்டி. தலைகீழாகப் போனாலும் தாங்கும் என்று நினைத்துத்தான் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் காதருகே வைத்துக் குலுக்குவேன். சின்னச் சத்தம் வந்தாலும் பிரித்துவிடுவேன். பொம்மை உடைந்தால் கூரியரில் நஷ்ட ஈடு வாங்கலாம் என்று நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம். மண்பொம்மை என்று சொன்ன உடனே கவுன்டரில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று எழுதிவிடுவார்கள்.

செட்டில் ஒன்று உடைவது தனி வேதனை. தசாவதாரத்தில் வாமனர் மட்டும் போனால் வாமனரை மட்டும் வாங்கி அனுப்பலாமே என்று கேட்பார்கள். அனுப்பலாம். ஆனால் அடுத்த தடவை கலக்குகிற நீலம் இந்த நீலமாக இருக்காது. ஒன்பது பேர் ஒரு நிறம், வாமனர் வேறு நிறம். படியில் வைத்தால் முதலில் அதுதான் கண்ணில் படும்.

கேஷ் ஆன் டெலிவரி நான் கொடுப்பதில்லை. புடவை விற்கிறவருக்குத் திரும்பி வந்த புடவையை அடுத்த வாரம் விற்கலாம். கொலு பொம்மை சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் திரும்பி வந்தால் அடுத்த புரட்டாசி வரைக்கும் பரண்தான். போக வரக் கூலியும் என் தலையில்தான். அது மட்டுமா, நவராத்திரி ஒரே தேதியில் வருவதும் இல்லை. 2023இல் அக்டோபர் 15, 2025இல் செப்டம்பர் 22. நவராத்திரிக்கு முந்தின அமாவாசையிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் சரக்கு எடுக்க வேண்டும். ஆவணியில் விளாச்சேரிக்காரர்கள் கை பிள்ளையாரில் இருக்கும். சதுர்த்தி முடிகிறவரை கேட்ட பொம்மை கிடைக்காது. அது முடிந்து நமக்குப் பொம்மை வருகிற நேரம் பார்த்துப் பெரிய ஆன்லைன் கம்பெனிகள் பண்டிகைத் தள்ளுபடியை ஆரம்பிக்கும். நாடு முழுக்க போனும் டிவியும் ஹப்களை அடைத்துக்கொள்ள, இரண்டு நாளில் சேர வேண்டிய பெட்டி ஆறு நாள் எடுக்கும்.

'ஃப்ரீ ஷிப்பிங்' என்று போட்டால் ஆர்டர் கூடும் என்று புத்தி சொல்லாதவர் இல்லை. கூடும்தான். அந்த எண்ணூறைப் பொம்மை விலையில் ஒளித்தால், நேரில் வந்து வாங்குகிற பக்கத்துத் தெருப் பெண்ணும் மாம்பலத்துக்குப் போகிற கூலியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒளிக்காவிட்டால் பொம்மை செய்கிறவரிடம் அடித்துப் பேசி விலையைக் குறைக்க வேண்டும். இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. பில்லில் பொம்மை விலை ஒரு வரி, அனுப்பும் கூலி ஒரு வரி. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வெளியூரிலிருந்து பொம்மை வரவழைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவணி பிறந்ததுமே ஆர்டரைச் சொல்லிவிடுங்கள். வீட்டு எண்ணையும் தெருவையும் எழுதுங்கள்; 'மாரியம்மன் கோயில் பக்கம்' என்று மட்டும் எழுதினால் எந்த மாரியம்மன் என்று டெலிவரி தம்பிக்குத் தெரியாது. பின்கோடின் ஆறு இலக்கத்தையும் ஒருமுறை சரிபார்த்து, பகலில் எடுக்கக்கூடிய இரண்டாவது போன் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். பெட்டி வந்தால் கத்தியை ஆழமாக இறக்காமல் டேப்பை மட்டும் கீறிப் பிரியுங்கள். வெளிப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விஜயதசமி முடிந்து பொம்மைகளை அதிலேயே கட்டிப் பரணில் வைக்கலாம்.