உள்ளே என்ன போடுவாங்க பாபு?

கல்யாணமான முதல் வருஷத்தில் மனைவியிடம் சவால் விடக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன் பலன், ஐந்து நாள் கேஷுவல் லீவ் காலி!

கோவா போவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் சென்னையில் ஒரு பெரிய கடையில் என் மனைவி ஒரு வஸ்துவைப் பார்த்து நின்றுவிட்டாள். வெள்ளை நூலில் பின்னிய, முழங்கால் வரை தொங்குகிற ஒரு சட்டை. சட்டை என்று சொன்னால் சட்டைக்குக் கோபம் வரும். துணியைவிட ஓட்டைதான் அதிகம். 'பீச் கவர்-அப்' என்று அட்டையில் எழுதியிருந்தது. கடலில் குளித்துவிட்டு நீச்சல் உடைக்கு மேலே மாட்டிக்கொள்வதாம். விலை 4,200 ரூபாய்.

"இத்தனை ஓட்டைக்கா? எங்க அம்மா ரேடியோவுக்குப் போட்டு வெச்ச குரோஷா கவர் இதைவிட அடர்த்தியா இருக்கும். ஐநூறு ரூபாய்க்கு நான் பின்னிக்கிட்டு வரச் சொல்றேன், பார்க்கிறியா?" என்றேன்.

"பார்க்கிறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை ஓட்டை இருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்காரர் ஆந்திராக்காரர். எல்லோருக்கும் அவர் 'கோதாவரி'. விஷயத்தைச் சொன்னதும், "குரோஷாவா? எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு அதுதான் சார். எங்க பின்னி வீடு நரசாபுரத்துக்குப் பக்கத்துலதான். வாங்க, போகலாம்" என்றார். ஓசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் விடுவேனா?

ராத்திரி ரயிலில் விஜயவாடா. அங்கிருந்து குடிவாடா, பீமவரம், பாலகொல்லு என்று நின்று நின்று போகும் வண்டியில் நரசாபுரம். அதோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே நெல், தென்னை, மீன் குட்டை. மறுபடியும் நெல், தென்னை, இறால் குட்டை. ஊரை ஒட்டி கோதாவரியின் வசிஷ்டா கிளை. பண்டு என்கிற பெரிய படகில் மனிதர், ஸ்கூட்டர், வாழைத்தார் எல்லாம் ஒன்றாக ஏறி அக்கரையில் சகினேட்டிபல்லிக்குப் போகின்றன. அதற்கும் அப்பால், ஆறு கடலில் கலக்கிற இடத்தில் அந்தர்வேதி நரசிம்மர் இருக்கிறார்.

நூலுக்கும் இந்த ஊருக்கும் பழைய சிநேகிதம். பக்கத்தில் மாதவாயபாலெம் என்று ஓர் இடம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அங்கிருந்து போன மெல்லிய பருத்தித் துணிக்கு ஊர்ப் பெயரையே கொஞ்சம் கடித்து 'மடபொல்லம்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஜவுளி அகராதியில் இன்னும் இருக்கிறது. லேஸ் வேலை 19-ம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டுவந்தது. நம் நாகர்கோவிலிலும் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மாள் ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்பே லேஸ் கற்றுக்கொடுத்தார். ஆனால் அது வேறு ஜாதி. தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு முடைவது. நரசாபுரத்தில் ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு. அவ்வளவுதான் தொழிற்சாலை! 2024-ல் இந்த லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பின்னி வீட்டுக்கு அடுத்த வீடு. திண்ணையில் ஓர் அம்மா கால் நீட்டி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண் தெருவில், கை நூலில். எங்களோடு பேசிக்கொண்டே ஒரு பூவை முடித்து மடியில் போட்டுவிட்டு, அடுத்த பூவுக்குச் சங்கிலி ஆரம்பித்துவிட்டார். என் அம்மா இதே வேகத்தில் செய்வாள், சீரியல் பார்த்துக்கொண்டே.

செல்போனில் எடுத்து வைத்திருந்த கடைப் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். இரண்டு விரலால் பெரிசு பண்ணினார். இன்னும் பெரிசு பண்ணினார். அப்புறம் உள்ளே இருந்த மருமகளை உரக்கக் கூப்பிட்டார்.

"இதி மன புவ்வே!"

இது நம்ம பூதான்! தோள்பட்டையில் இருந்த அந்த ஐந்து இதழ்ப் பூ. இதழ் நுனியில் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி முடிச்சு. போன மழைக்காலம் முழுக்க அதைத்தான் போட்டாராம். ஏஜென்ட் வந்து நூலையும் மாதிரியையும் கொடுத்துவிட்டுப் போவார். பூவெல்லாம் ஒரு தெருவில். பூக்களை ஒட்டுகிற 'அத்துகு' வேலை வேறு தெருவில். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்வது வேறு எங்கோ. பூ கடைசியில் மேஜை விரிப்பு ஆயிற்றா, திரைச்சீலை ஆயிற்றா என்று இந்த அம்மாவுக்குத் தெரியாது. முழுசாகப் பார்த்தது இப்போதுதான், என் செல்போனில்.

அந்தக் கடைச் சட்டை இவர்கள் கைப்பூவேதானா, வேறு ஊர்க்காரர் போட்ட அதே மாதிரிப் பூவா என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்குச் சந்தேகமே இல்லை.

"எதுக்கு பாபு இது?" என்று கேட்டார்.

"கடல்ல குளிச்சிட்டு மேல போட்டுக்கிறதும்மா."

"இதுல எல்லாம் தெரியுமே! உள்ளே என்ன போடுவாங்க?"

கோதாவரி மொழிபெயர்த்துவிட்டு, ஆற்றைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார். துரோகி!

"உள்ளே... கொஞ்சம் இருக்கும்மா" என்றேன்.

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். வெகுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. இத்தனைக்கும் பேருபாலெம் கடற்கரை அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். விடுமுறை நாளில் ஜனங்கள் குடும்பத்தோடு போய்க் குளிக்கிறார்கள், புடவையோடு.

அப்புறம் அந்த அம்மா தொழிலுக்கு வந்தார். படத்தில் இருந்த நூல் தடிமன், தப்பு என்றார். பருத்தி நூல் தண்ணீரைக் குடிக்கும். தடிநூல் நனைந்தால் கனத்துக்கொண்டு, முழங்காலில் இருப்பது கணுக்காலுக்கு இறங்கிவிடும். மெல்லிய நூலைப் பெரிய ஊசியில் போட்டால் கண் பெரிசாக விழும். காற்றும் போகும், சீக்கிரம் உலரும். ஆனால் தோளில் மட்டும் சின்ன ஊசியால் இறுக்கிப் போடணும், மொத்த பாரமும் அங்கேதானே தொங்குகிறது! நடுவில் பூ வேண்டாம், வெறும் வலை போதும். ஒரு தூண், இரண்டு சங்கிலி, மறுபடி ஒரு தூண். பூ மேலே இரண்டு வரிசை, கீழே இரண்டு வரிசை. மூன்று அங்குலப் பூ, வரிசைக்கு ஏழு. முன்னும் பின்னும் சேர்த்து 56. கழுத்துக்கு இரண்டு போனால் 54. ஒரு பூவுக்கு இருபது நிமிஷம்.

நோட்டில்லை, பென்சில் இல்லை. எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் அங்கே வந்து இரண்டு நாள் உட்கார வேண்டும்.

நானும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பூவுக்கே 18 மணி நேரம். வலைக்கும் ஒட்டுவதற்கும் அதைப்போல ஒன்றரை மடங்கு. சமையல், மாடு, பேரக்குழந்தை எல்லாம் போக, பத்து நாளாவது ஆகும்.

"நூலோட சேர்த்து ஆயிரத்து இருநூறு" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. பாண்டி பஜாரில் பழகிய வாய் தானாகவே திறந்து, "ஐநூறு" என்றது.

கோதாவரி மொழிபெயர்க்கவில்லை. அவசியமும் இல்லை, தொகை எல்லா மொழியிலும் புரிகிறது. அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஊசியையும் நூலையும் என் கையில் கொடுத்தார். "ஒரு பூ போடு பாபு. போட்டுட்டா ஐநூறுக்கே தர்றேன்."

திண்ணையில் உட்கார்ந்தேன். ஆறு சங்கிலி போட்டு வளையமாக்கு என்றார். நூலை இடது சுட்டு விரலில் சுற்றினால் ஊசி நழுவியது. ஊசியைப் பிடித்தால் நூல் ஓடியது. தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. கழுத்து வலி, கண் எரிச்சல், விரல் நுனியில் ஒரு பள்ளம். கடைசியில் என் கையில் இருந்ததற்கு மூன்று இதழும் ஒரு வாலும் இருந்தன. "நண்டு!" என்று ஒரு பொடியன் கத்தினான்.

ஒரு நாள் முழுக்கப் போட்டால் ஏஜென்டிடம் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். நூறு தேறினால் பெரிசு என்றார். மரியா மீஸ் என்ற ஜெர்மன் அம்மையார் இதே நரசாபுரத்துப் பெண்களை ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மணிக்கணக்கில் பின்னி வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற வேலையை, 'வீட்டில் சும்மா இருக்கிற பெண்களின் பொழுதுபோக்கு' என்று சொல்லியே கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அதில் எழுதினார். திரும்பி வந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. ரேடியோ கவரை நானும் அம்மாவின் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, ஊசியில் நூல் கோப்பதில்லை.

பர்ஸைத் திறந்து இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். 'ஐயோ, வேண்டாம் பாபு, ஆயிரத்து இருநூறே போதும்' என்பார் என்று எதிர்பார்த்தேன். சினிமாவில் அப்படித்தான் நடக்கும். அந்த அம்மா இரண்டு தடவை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். அளவு கேட்டார். தெரியாமல் விழித்தேன். மருமகளை நிற்க வைத்து, "இவ்வளவா? இதைவிட ஒல்லியா?" என்று கேட்க, அதற்கு நான் பதில் சொன்ன விதத்தை இங்கே விவரிக்காமல் விடுவது குடும்பத்துக்கு நல்லது.

பார்சல் மூன்று வாரத்தில் வந்தது. பிரித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிறது. மனைவி ஒவ்வொரு பூவாகத் தொட்டு எண்ணினாள். 55 இருந்தது. கூடுதல் ஒன்று உள்பக்கம், கழுத்துப் பட்டியில். மூன்று இதழ், ஒரு வால். என்னுடையது!

"எவ்வளவு ஆச்சு?" என்றாள்.

சொன்னேன். ரயில் டிக்கெட்டையும் சேர்த்துச் சொன்னேன். கடைக்காரன் விலையைத் தாண்டவில்லை, ஆனால் தொட்டுவிட்டது.

கோவா போகவில்லை. ஆடிட் என்று மேனேஜர் லீவை ரத்து செய்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் பீச்சுக்கு அதை என் மனைவி சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு வந்தாள். மிளகாய் பஜ்ஜி எண்ணெய் படாமல் நான்தான் காவல். ஒரு போட்டோ எடுத்து, மருமகளின் போனுக்கு அனுப்பினோம். முழுசாக, ஆள் போட்டுக்கொண்டு ஒரு படம் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டிருந்தார்.

மறுநாள் ஆபீஸில் கோதாவரி சிரித்துக்கொண்டே வந்தார்.

"சார், பின்னி போன் பண்ணாங்க. அந்தம்மா தெரு முழுக்கப் படத்தைக் காட்டிட்டாங்களாம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"என்ன?"

"உள்ளே கொஞ்சம்தான் இருக்கும்னு சொன்னீங்களே, இவ்வளவு இருக்கே பாபு!"