இடது கை வில்

என் பேத்திக்கு இடது கைப் பழக்கம். கடலூரில் விசாரித்தபோது, "வலது கை வில்தான் மலிவாகக் கிடைக்கும், பழகிக்கட்டும் சார்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காம்பவுண்ட் வில்லில் அம்பு வைக்கும் பக்கம் ஒன்றே. கை மாற்றிப் பிடிக்க முடியாது.

கையைவிடக் கண் முக்கியம். சிதம்பரத்தில் விரல்களால் வளையமிட்டு, அதன் வழியே கோபுரக் கலசத்தைப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணை மூடியும் கலசம் நகரவில்லை. ஆக, இடது கண்தான்.

வாங்குவது பென்ஷன் பணத்தில். அதனால் இழுக்கும் நீளத்தையும் பலத்தையும் கூட்டிக் குறைக்கக்கூடிய வில்லாகப் பார்த்தோம். அவள் வளர்ந்தாலும் மாற்ற வேண்டாம். 80 சதவீதம் சுமை குறையும் வில்லில், 30 பவுண்டு இழுத்தபின் கை தாங்குவது 6 பவுண்டுதான்.

பக்கத்துத் திருவேட்களத்தில் அர்ச்சுனன் பாசுபதம் பெற்றான் என்பது தலபுராணம். அவன் இரு கையாலும் அம்பெய்தவன். என் பேத்திக்கு இடது கை போதும்.