சாக்குக் கடையும் முருங்கைக் காடும்

ஒட்டன்சத்திரம் எங்கே இருக்கிறது என்று இங்குள்ள வடநாட்டு நண்பர்கள் கேட்டால், திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் என்று சொல்வேன். கேரளத்து நண்பர்களுக்கு அந்த விளக்கம் வேண்டியதில்லை. அவர்கள் வீட்டு அவியலில் எங்கள் சந்தைக் காய் ஏதேனும் ஒன்று கிடக்கும்.

அந்தச் சந்தைக்குப் பக்கத்தில் என் தந்தையார் சாக்கும் கயிறும் மண்வெட்டியும் விற்கிறார். எங்களுக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. ஆனால் முருங்கை விலை இறங்கினால் எங்கள் வீட்டுத் தாளிப்பிலும் எண்ணெய் குறையும்! காய் லாரி ஏறி மலையாளம் போய்விடுகிறது. காசோ எளிதில் ஊரைத் தாண்டுவதில்லை. கமிஷன் மண்டியில் பணம் வாங்கிய உழவர் நேரே வீடு திரும்புவாரா? உரக்கடை, விதைக்கடை, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், கடைசியில் ஒரு பொட்டலம் மிக்சர். சுமை தூக்குவோர் கூலியும் தேநீர்க் கடைக்காரர் வரும்படியும் அந்தக் காயிலிருந்தே வருகின்றன.

பொருளாதாரம் படிக்கும் விடுதித் தோழர் ஒருவர், மண்டிக்காரரை ஒழித்தால் உழவர் பிழைப்பார் என்கிறார். 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைகளை எடுத்துக்காட்டுகிறார். கூடைக் காய்க்கு அது நல்ல வழிதான். ஓர் ஏக்கர் முருங்கையை அங்கே உட்கார்ந்து விற்க முடியுமா? மண்டியை நான் புனிதமாக்கவும் இல்லை. விதைப்புக்கு முன்பணம் வாங்கியவர், அடுத்த மண்டியில் விலை கூடுதல் என்றாலும் அங்கே போக முடியாது. ஆயினும் பத்திரம் இல்லாத குத்தகைக்காரருக்கு வங்கியைவிட மண்டியின் கதவே எளிதில் திறக்கிறது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அந்த மாதங்களில் அப்பாவின் கல்லாப்பெட்டி நிறையவில்லை. கடன் நோட்டுத்தான் நிறைந்தது. அவர் யாரையும் நெருக்கவில்லை. அதில் இரக்கமும் உண்டு, கணக்கும் உண்டு: நெருக்கினால் ஆள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். மழை திரும்பிய பிறகு பெரும்பாலோர் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்த்தார்கள். என் பள்ளிக் கட்டணம் அதில்தான் கட்டப்பட்டது.

ஒரு பெயர் மட்டும் அந்த நோட்டில் இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது. அவர் காட்டை விற்றுவிட்டு, திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார். சென்ற விடுமுறையில் அந்தப் பக்கம் போனேன். முருங்கை நின்ற இடத்தில் வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். “மனை வாங்குகிறவன் சாக்கு வாங்குவானாடா?” என்று கேட்டுவிட்டு, கயிற்றை முழம்போடத் தொடங்கினார்.