ஒத்தவாடை தெருவில் ஒரு ராத்திரி!

செங்கல்பட்டுல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டினா மாமல்லபுரம். பகல் முழுக்க பல்லவர் ராஜ்ஜியம். இருட்டிடுச்சுன்னா ஒத்தவாடை தெரு ராஜ்ஜியம்தான்! மொட்டைமாடி ரெஸ்டாரன்ட், மீன் வறுவல் வாசனை, சர்ஃபிங் பலகையோடு திரியும் வெளிநாட்டுக்காரர்கள்... தெரு செம கலகல! கெஸ்ட் ஹவுஸ்களும் இங்கேதான் அதிகம்.

'ஸீ வியூ ரூம் சார்' என்றதும் அட்வான்ஸை நீட்டிடாதீங்க. வெளிச்சம் இருக்கும்போதே போய், நாலு ரூமாவது பாருங்க. பெட்ஷீட், பாத்ரூம், குழாய்த் தண்ணி... இந்த மூணும் தேறினால்தான் வாடகைப் பேச்சு. அடுத்தது தாழ்ப்பாள். உப்புக்காத்துல இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால கதவு, ஜன்னல் ரெண்டையும் நீங்களே பூட்டிப் பார்த்துடுங்க. ரெஸ்டாரன்ட்டை ஒட்டின ரூம் என்றால், தூக்கம் அம்பேல்!

கேர்ள்ஸ் கேங்கா? வீட்டுல பர்மிஷன் வாங்கறதே பெரும்பாடு. அதனால, ராத்திரி முழுக்க ரிசப்ஷன்ல ஆள் இருப்பாங்களான்னு முதல்லயே கேளுங்க. ரூம் நம்பரோட லொகேஷனை வீட்டுக்கு அனுப்பிடுங்க. ஐ.டி. ஒரிஜினலைக் காட்டுங்க, ஆனா கையில விட்டுட்டு வராதீங்க. ஜெராக்ஸ் கொடுத்தா, மேலே தேதியையும் காரணத்தையும் எழுதிடுங்க. பணத்துக்கு ரசீது கட்டாயம். ஏதாவது வில்லங்கம்னா, தயங்காம 112.

டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா நடக்கும். அப்போ போறவங்க முன்கூட்டியே புக் பண்ணிடுறது பெஸ்ட்.

சுமார் 1,300 வருஷமா உப்புக்காத்தைத் தாங்கி நிக்குது கடற்கரைக் கோயில். நம்ம ரூம் தாழ்ப்பாள் ஒரு ராத்திரியாவது தாங்கணும்ல பாஸ்!