மூணு யோயோவும் ஒரு கட்டார் பயணமும்

முதலே சொல்லிவிடுகிறோம், இது யோயோ பற்றிய கட்டுரை. பெருநாள் சந்தையில தொங்குற பிளாஸ்ரிக் யோயோ இல்லை. அலுமினியத்தைக் கடைந்து, நடுவில பெயாரிங் வைத்துச் செய்த யோயோ. “கம்பஸ் படிக்கிற புள்ளயளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு மனே?” எண்டு எங்கட உம்மாமார் கேட்ட கேள்விக்கும் இதுக்குள்ள ஒரு பதில் இருக்கு.

நாங்கள் சவளக்கடையில் மூன்று பேர். இரண்டு பேர் ஒலுவிலில் கலைப்பீடம். மற்றவர் உயர்தரத்தோட படிப்பை நிறுத்திப் போட்டு விசாவுக்குக் காத்திருந்தவர். கூட்டாகச் சல்லி போட்டு மூன்று யோயோ வாங்கினோம், ஆளுக்கு ஒன்று எண்டு பிரிக்கவே இல்லை. இப்ப விசா வந்துட்டு. மச்சான் கட்டார் போறார், மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகப்போறார். எதை? அதுக்காக ஒரு மாசம் அசறுக்குப் பிறகு மூன்றையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தோம்.

விலையை முதலில் பேசுவோம், எங்கட பக்கத்தில் எல்லாம் அங்கதான் தொடங்கும். 2014இல் உலகச் சம்பியனான ஜென்ட்ரி ஸ்டைனின் பேரில் யோயோஃபாக்டரி விற்ற ‘ஷட்டர்’ அப்ப 45 டொலர் அளவில் வந்தது. அதைத்தான் அமெரிக்காவில ‘மலிவான நல்ல யோயோ’ எண்டு சொன்னாங்க. எங்களுக்கு அது மலிவு இல்லை. சீனாவின் மேஜிக்யோயோ கம்பனிப் பொருள் அப்ப 15 டொலர் வாக்கில் கிடைத்தது. 2021இல் அது ஏறக்குறைய 3,000 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டாங்க. மே மாதம் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே யோயோ 5,400 ரூபா. யோயோவில் ஒரு கிராமும் கூடவில்லை. பொருளியல் பாடத்தில் நாணய மதிப்பிறக்கம் எண்டு படிச்சது எங்களுக்குச் சரியாக விளங்கினது அப்பதான்.

இந்த யோயோக்களில் இரண்டு வகை. ஒன்று, கையைச் சின்னதா இழுத்தால் திரும்பி வரும். மற்றது எவ்வளவு இழுத்தாலும் வராது, அடியிலேயே சுத்திக்கொண்டு கிடக்கும். நூலில் ஒரு மடிப்புப் போட்டு, அதை யோயோவின் இடுக்குக்குள் கொடுத்தால்தான் உள்ளே இருக்கிற சிலிக்கோன் வளையம் நூலைக் கவ்வி மேலே ஏத்தும். இதை ‘பைண்ட்’ எண்டு சொல்வாங்க. நூலில் நீண்ட வித்தை செய்ய இந்த வராத வகைதான் தேவை. உலோகம் எதுக்கு எண்டால், பாரத்தை விளிம்புப் பக்கம் தள்ளிக் கடையலாம். பாரம் விளிம்பில் இருந்தால் சுழற்சி நீளும், ஆட்டமும் குறையும்.

இனி மூன்றும்.

என்12: மேலே சுறா பொறித்தது, அதனால எங்களுக்கு அது ‘சுறா’. மூன்றிலும் நீண்ட நேரம் சுத்துறது இதுதான். நூலில் ஏத்தி விட்டால் அசையாமல் நிற்கும். ஆனால் பழகாத கைக்கு இது ஒரு அலுமினியக் கட்டி. போட்டால் போனதுதான், திரும்பி வராது. பக்கத்து வீட்டுச் சின்னவன் ரெண்டு தரம் எறிந்து பார்த்திட்டு, “இது பழுது காக்கா” எண்டு தந்திட்டுப் போயிட்டான்.

டி5: கம்பனி வைத்த பேர் ‘ஓவர்லோர்ட்’. எங்களுக்கு வந்த துண்டில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது; சுத்தும்போது நகத்தை மெல்ல வைத்தால் கிர்ரென்று தெரியும். வித்தைக்கு அது தடை இல்லை. வேகமாகக் கை மாறுற வித்தையெல்லாம் இதில்தான் எங்களுக்கு முதலில் பிடிபட்டது. சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறவும் தோது.

வி3: உடம்பு அலுமினியம்தான், ஆனால் ஒல்லிப் பெயாரிங்கோட வருவதால் இழுத்தால் திரும்பி வரும். பெட்டிக்குள் அகலப் பெயாரிங் ஒன்றும், கழற்ற ஒரு சின்ன ஆயுதமும் இருக்கும். மாற்றிப் போட்டால் இதுவும் வராத வகையாகிடும். சுழற்சியில் சுறாவுக்குக் கிட்ட நிற்காது. விளிம்பில் ரெண்டு மூன்று காயமும் பட்டுட்டு, எங்கட முற்றத்துச் சீமெந்து அப்படி.

மலிவான யோயோவின் உண்மையான விலை வாங்கின பிறகுதான் தெரியும். நூல் பிஞ்சுகொண்டே இருக்கும். அதை வெளிநாட்டிலிருந்து எடுத்தால் தபால் செலவு நூலைவிடக் கூட. எங்களுக்கு மருதமுனை கிட்ட. தறி ஊரில் நூலுக்குப் பஞ்சம் வருமா? பொலியஸ்டர் நூலை எட்டு இழை சேர்த்து, ஒரு முனையைக் கதவுப் பிடியில் கட்டி, மறுமுனையை ட்ரில் மெசினில் மாட்டி முறுக்கினோம். பிறகு சரிபாதியாக மடித்தால் தானாகவே திரும்பி முறுகிக்கொள்ளும். யோயோவை நிலத்தில் வைத்தால் நூல் தொப்புள் உயரம் வரவேணும், அதுதான் அளவு. பெயாரிங் வெளிவிட்டம் 12.7 மில்லிமீற்றர், ஆர்188 எண்ட இலக்கத்தில் வாற அதே அளவு. தூசி அடைச்சால் பெற்றோலில் கழுவிக் காய வைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. வேளாண்மை வெட்டுக் காலத்தில் சவளக்கடையில் தூசிக்குக் குறைவில்லை, கிழமைக்கு ஒருக்கா கழுவினோம்.

ஆக, எது? சுழற்சிக்குச் சுறா, பொக்கற்றுக்கு டி5. எங்கட விருப்பம் வி3.

காரணம் பொடியன்கள்தான். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால தண்ணி பாய்ஞ்சு கல்முனைப் பாதை அடைபட்டிருந்த நாட்களில், ஒழுங்கையில் இருந்த பொடியன் பெட்டையெல்லாம் எங்கட திண்ணைக்கு வந்தாங்க. சுறாவைப் பார்த்துக்கொண்டு இருந்தாங்க. வி3ஐக் கையில் வாங்கினாங்க. எறிந்தால் வரும், அது போதும் அவங்களுக்கு. நாலாம் நாள் ஒருத்தி பெயாரிங்கை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள்.

மச்சான் சுறாவைத்தான் கேட்பார் எண்டு நினைத்தோம். அவர் வி3ஐ எடுத்தார். “அங்க ஒரு றூமில எட்டுப் பேர். எனக்கு மட்டும் வாறதைக் கொண்டுபோய் என்ன செய்ய?” எண்டார். பிலிப்பைன்சிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், ஹோட்டலில் எடுபிடி வேலை பார்த்த பெட்ரோ ஃபுளோரஸ் எண்டவர்தான் 1928இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் யோயோ கம்பனி தொடங்கி, இந்த விளையாட்டை அங்கே பரப்பினார். ஊர் விட்டுப் போன ஒருத்தர் போன இடத்தில் பரப்பின சாமான்தான் இது. கதையைச் சொன்னதும் மச்சான் சிரிச்சுக்கொண்டு, “அப்ப எனக்கும் கம்பனி ஒண்டு இருக்கு” எண்டார்.

பத்து நூல் முறுக்கிப் பையில் வைத்து விட்டோம். திண்ணையில் இப்ப சுறாவும் டி5உம் கிடக்கு, ரெண்டும் திரும்பி வராத வகை. பொடியன்களுக்காக இன்னொரு வி3 எடுக்கச் சல்லி சேர்க்கிறோம். உம்மாவும் நூறு ரூபா தந்திருக்கா, என்னத்துக்கு எண்டு கேட்கவில்லை.