சஹனில் யாருக்கு இடம்?



நம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் எனத் தொடரும் ஊர்களில், வெளியே சென்று குடும்பத்தோடு உண்பது என்னும் பழக்கம் அண்மைக் காலம் வரை இல்லை. ஏலம் முடிந்து வருவோர்க்குத் தேநீர்க் கடை உண்டு. இரவில் புரோட்டாக் கடை உண்டு. அவ்வளவுதான். வளைகுடா சென்று வந்தவர்களின் நாவோடு இப்போது மந்திச் சோறும் வந்து சேர்ந்திருக்கிறது. யமன் நாட்டின் ஹளரமவ்த் பகுதியிலே தோன்றிய உணவு இது. குழியடுப்பில் அரிசிக்கு மேலே இறைச்சியை இட்டு, அதன் சாறு சொட்டச் சொட்ட வேக வைப்பார்கள். தரையில் மெத்தை விரித்து, பெரிய தாம்பாளத்தில் நால்வர்க்கு இன்ன விலை என்று வைக்கிறார்கள். "ஹஜ்ரத், நாங்கள் நாலு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்!" என்று என்னிடம் ஓதிய பிள்ளைகள் வியந்து சொல்கிறார்கள். அவர்களுடைய பாட்டனார் காலமெல்லாம் திருமண வீட்டில் காசின்றி உண்டதும் அப்படித்தான் என்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தாங்கள் கூடிப் பழகவும் உண்ணவும் வெள்ளையர் நம் நாட்டில் ஏற்படுத்திய இடங்கள் கிளப்புகள். 1832இல் தொடங்கப்பட்டு, இன்று அடையாற்றின் கரையில் இருக்கும் மெட்ராஸ் கிளப், நாடு விடுதலை பெற்ற பிறகும் பல ஆண்டுகள் இந்தியரை உறுப்பினராகச் சேர்த்துக் கொள்ளவில்லை. அது பழங்கதை என்பீர்கள். 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த அரிபரந்தாமன் அவர்கள், ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்காகச் சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்புக்குச் சென்றபோது, வேட்டி உடுத்தியிருந்த காரணத்தால் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே, இத்தகைய உடைத் தடையை நீக்கிச் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. நீதிபதிக்கே அந்நிலை என்றால், கைலியும் தொப்பியுமாக நிற்கும் நமக்கு எந்நிலை என்று கேட்க வேண்டியதில்லை. (மது பரிமாறப்படும் விரிப்பில் அமரலாகாது என்ற நபிமொழி இருக்க, அவ்விடத்துக்கு நாமாகவும் போகப் போவதில்லை, அது வேறு பேச்சு.)

கிளப்பில் உண்பவனுக்குப் பக்கத்தில் யார் அமர்வார் என்பதை உறுப்பினர் பட்டியல் முடிவு செய்கிறது. மந்திக் கடையில் அதை அவனே முடிவு செய்கிறான். தன் தோழர்களோடு போகிறான், திரையை இழுத்து விட்டுக் கொள்கிறான். நம் சஹனில் மட்டுமே அதை யாரும் முடிவு செய்வதில்லை. பந்தலுக்குள் வருகிறவர்கள் வந்த வரிசையில் அமர்வார்கள். மூவரோ நால்வரோ சேர்ந்ததும் நடுவே சஹன் வந்து இறங்கும். விசைப்படகின் உரிமையாளரும், அதே படகில் வலை இழுப்பவரும், வெளியூரிலிருந்து வந்த சம்பந்தியும் ஒரே நெய்ச்சோற்றில் கை வைப்பார்கள். வயதில் மூத்தவர் இறைச்சியைப் பிய்த்து மற்றவர் பக்கம் தள்ளி வைப்பார். தால்ச்சா வேண்டுமென்று ஒருவர் கேட்டால் நால்வர்க்கும் வரும். தன் முன்னால் இருப்பதிலிருந்து உண்ண வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களுக்குக் கற்றுக் கொடுத்த ஒழுக்கத்தை நான் மதரஸாவில் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகளுக்குப் பதிவதில்லை. அறியாத பெரியவர் ஒருவரோடு ஒரு சஹனில் அமர்ந்தால் அன்றே பதிந்து விடுகிறது.

இது இப்போது கைவிட்டுப் போகிறது. 2020இல் கொரோனா வந்தபோது தனித் தட்டுக்கு மாறியவர்கள் பலர் திரும்பவில்லை. அதை நான் குறை கூற மாட்டேன். சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் உங்கள் மீது குற்றமில்லை என்று அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் தெளிவாகவே அனுமதி தந்திருக்கிறது. சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு என்பதும் நபிமொழிதான். எனினும் சர்க்கரை நோயாளிக்கும், முழங்கால் மடங்காத முதியவருக்கும் சஹனைக் கட்டாயமாக்குவது மார்க்கம் அன்று.

என் கவலை தட்டைப் பற்றியது அன்று, வரிசையைப் பற்றியது. சில காலத்துக்கு முன் நான் சென்றிருந்த ஒரு வலீமாவில், காரில் வந்தோர்க்கு மாடியில் குளிரூட்டிய கூடம். மற்றோர்க்குக் கீழே நெருக்கடி. அழைப்பிதழைக் காட்டினால்தான் உணவுச் சீட்டு. மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். கடலுக்குப் போகும் கூலியாட்களுக்கு அந்நாட்களில் வருவாய் ஏது? பள்ளி விடுமுறையை ஒட்டி நம்மவர் திருமணங்களை வைத்துக் கொள்வதும் அதே நாட்களில்தான். அந்த வீட்டின் பின்வாசலில் பாத்திரம் ஏந்திய பெண்கள் நின்றிருந்தார்கள். "மிஞ்சினால் தருவோம்" என்று ஒருவர் அவர்களிடம் சொல்லிக் கொண்டிருந்தார். செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் தீயது என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள செய்தியை அந்த வீட்டார் கேட்டிராதவர்கள் அல்லர். மேடையில் எழுதி வைக்கப்பட்டிருந்த ஹதீஸ் மட்டும் வேறு.

இதைப் பற்றி ஒரு ஜும்ஆவுக்கு முன் பேசினேன். தொழுகை முடிந்ததும் செல்வர் ஒருவர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், எங்கள் விருந்து, எங்கள் செலவு. யாரை எங்கே அமர்த்துவது என்பதுமா பள்ளிவாசலில் முடிவாக வேண்டும்?" என்றார். நியாயமான கேள்விதான். சற்று முன் அவர் யாருக்குப் பக்கத்தில் ஸஃப்பில் நின்றார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சற்று நேரம் நின்றார். பிறகு சமையற்காரரின் கூலி எவ்வளவு ஏறிவிட்டது என்று பேச்சை மாற்றினார். கோபித்துக் கொண்டதாகத் தெரியவில்லை.

அவருடைய மகனின் வலீமா இவ்வாண்டு மே மாதம் நடந்தது. சஹன் இல்லை, தனித் தட்டுகள்தான். ஆனால் ஒரே கூடம். தரையில் நீளமாகச் சுப்ரா விரித்து, முழங்கால் வலி உடையவர்க்காக ஒரு சுவரோரம் மேசை நாற்காலி. அழைப்பிதழ் உறவினர்க்கு மட்டும். மகல்லாவினர்க்கும் படகுத் துறையில் உள்ள எல்லாச் சமயத்தார்க்கும் நேரில் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். இரண்டு தேக்சா கூடுதலாகவே ஆக்கினார்கள். பெண்கள் பகுதியிலும் அதே ஏற்பாடுதானா என்று என் மனைவியிடம் கேட்டேன். "ஆமாம்" என்றாள். பின்வாசலை நான் எட்டிப் பார்த்தேன். அங்கே பாத்திரம் துலக்குகிறவர்களைத் தவிர யாரும் இல்லை.