ஒரே ஃபிரிட்ஜ், இரண்டு ஜூஸ்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பல வருடங்களாக இரண்டு விதமான ஆரஞ்சு ஜூஸ் இருந்தன. விலை கூடியது உள்தட்டில். அது எங்களுக்கும் விருந்தாளிகளுக்கும். மலிவானது கதவில், அது வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும், தண்ணீர் கேன் போடும் தம்பிக்கும், குழாய் ரிப்பேருக்கு வருபவருக்கும். இப்படித்தான் என்று வீட்டில் யாரும் விதி போடவில்லை. கடையில் இரண்டையும் எடுத்துக் கூடையில் போட்டது நான். எதை யாருக்கு ஊற்றுவது என்று முடிவு செய்ததும் நான். அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். வெயிலில் வந்தவரை வெறும் தண்ணீரோடு அனுப்பாமல் ஜூஸ் கொடுக்கிறேனே என்று உள்ளுக்குள் பெருமையும் பட்டேன்.

ஒருநாள் அக்கா டம்ளரை மெல்ல நகர்த்தி வைத்தார். “வேணாம்மா, சுகர் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“எப்பலேர்ந்துக்கா?”

“அது ஆச்சும்மா ரொம்ப நாளு.”

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க ஆசையா குடுக்குறீங்க. எப்படி வேணாங்குறது?”

அன்றுதான் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். மலிவான பெட்டியின் முகப்பில் பழத்தின் படம் பெரிதாக இருந்தது. பின்னால் பொடி எழுத்தில் இருந்ததோ தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் பழச்சாறு, புளிப்புக்கு அமிலம், நிறம், மணம். ‘ஃபுரூட் டிரிங்க்’ என்று விற்க, பத்து சதவீதம் பழச்சாறு இருந்தால் நம் நாட்டு விதிப்படி போதும். பழரசம் என்று நான் நீட்டிய டம்ளரில் பெரும்பகுதி சர்க்கரைத் தண்ணீர்.

விலை கூடிய பெட்டியும் நான் நினைத்ததுபோல் இல்லை. உலகச் சந்தைக்கு வரும் ஆரஞ்சுச் சாற்றில் பெரும்பங்கு பிரேசிலிலிருந்து, குறிப்பாக சாவோ பாவ்லோ பகுதியிலிருந்து வருகிறது. கப்பலில் இடத்தை மிச்சப்படுத்த, சாற்றிலுள்ள தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கி, தேன்போல் கெட்டியாக்கி உறையவைப்பார்கள். 1940களில் அமெரிக்காவின் புளோரிடாவில் உருவான முறை இது. போய்ச்சேரும் ஊரில் மறுபடி தண்ணீர் சேர்த்து, ஆவியோடு போன மணத்தையும் திரும்பச் சேர்த்துப் பெட்டியில் அடைப்பார்கள். இப்படி மீட்டெடுத்த சாற்றை ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. கெட்டியாக்காமல் நேரே அடைத்த சாறு இன்னும் விலை அதிகம். அதையும் சூடுகாட்டித்தான் அடைக்கிறார்கள்.

ஆக, மீட்டெடுத்த சாற்றுக்கும் நேரே அடைத்த சாற்றுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் மணத்திலும் ருசியிலும்தான். அவற்றுக்கும் மலிவான பெட்டிக்கும் நடுவில் இருப்பது பழச்சாறா சர்க்கரைத் தண்ணீரா என்கிற வித்தியாசம். சரியாக அந்த இடத்தில்தான் நான் காசை மிச்சம் பிடித்தேன், அதுவும் அடுத்தவர் டம்ளரில்.

உசத்தியானதைக் கொடுத்திருந்தாலும் அக்காவுக்கு நல்லது செய்ததாகாது. சர்க்கரையே சேர்க்காத ஆரஞ்சுச் சாற்றிலும் 200 மில்லிக்குக் கிட்டத்தட்ட 17 முதல் 20 கிராம் சர்க்கரை உண்டு. பழத்தில் இருக்கும் நார் அதில் பெரும்பாலும் இல்லை. குறைத்துக்கொள்ளச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் பழச்சாற்றின் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் 2015 வழிகாட்டுதலில் சேர்த்திருக்கிறது. அக்காவுக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டியிருக்கவில்லை. “என்ன குடிக்கிறீங்க?” என்று ஒரு தடவை கேட்டிருந்தால் மோர் என்று சொல்லியிருப்பார். விருந்தாளிகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் இருந்ததே இல்லை.

எனக்கு வலிக்கும் இடம் இதுதான். டீக்கடைகளில் சாதி பார்த்துத் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையைப் பற்றிக் கோபமாகப் பேசியிருக்கிறேன். கூட்டங்களில் கைதட்டியிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக அந்தக் குவளையில் குடிக்க வைக்கப்பட்டவர்களின் அவமானத்தையும் என் வீட்டு ஜூஸையும் ஒரே தராசில் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் வந்தவர் யார் என்று பார்த்து, இவருக்கு இது போதும் என்று தீர்மானிக்கும் கண் எனக்கும் இருந்தது. டம்ளர் ஒன்றுதான் என்பதால் அது என் கண்ணுக்கே தெரியவில்லை. “அவங்களுக்கு இனிப்பா இருந்தாத்தான் பிடிக்கும்” என்று ஒரு சாக்கும் கைவசம் வைத்திருந்தேன்.

ஜூஸோடு இது நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனால், வேலை செய்பவர்களுக்கு என்று சொன்னதும் கடையில் வேறு அடுக்கைக் காட்டுவார்கள். அந்த அடுக்கைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ரேஷன் அரிசியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்தேன் என்று கணக்கும் வைத்திருக்கிறேன். இப்போது இரண்டு வகை ஜூஸ் வாங்குவதில்லை. வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறேன். ஆனாலும் கடையில் மலிவான பெட்டியைப் பார்த்தால், அது யாருக்கு ஆகும் என்று மனம் ஆள் தேடத் தொடங்கிவிடுகிறது. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாதச் சம்பளம் என் கையில் இருக்கும்போது அவரால் வேறு என்ன சொல்லிவிட முடியும்? எனக்கு எந்த வகையிலும் கடமைப்படாதவர்கள் முன்னால் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதினேன்.